தவக்காலத்தில் லேஸ் எதற்கு?

எங்கள் பங்கில் பீடத்துணிகளைப் பல வருடம் கவனித்துக்கொண்ட சிஸ்டர், முதுமையால் முடியாமல் போனபோது அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த முதல் தவக்காலத்திலேயே அவரிடம் மாட்டிக்கொண்டேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய மாலை. அகலமான லேஸ் வைத்த பீட விரிப்பை எடுத்துவிட்டு, விரலகலத்துக்கு மட்டும் குரோஷா லேஸ் ஓடும் இன்னொன்றை விரித்திருந்தேன். நானே பின்னியது. சக்கர நாற்காலியில் வந்த சிஸ்டர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூவே வைக்கக் கூடாத நாள்ல, பூப்போட்ட லேஸ் எதுக்கும்மா?”

பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது சரி. தவக்காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்கக் கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிகளே சொல்கின்றன. 4-ஆம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறும், இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும்தான் விதிவிலக்கு. பீடத்துக்குக் கட்டாயம் வேண்டியது ஒரு வெள்ளை விரிப்பு, அவ்வளவே. தவக்காலத்துக்குரிய ஊதா நிறம் வேண்டுமென்றால் பீடத்தின் முன்பக்கத் தொங்கலில் காட்டலாம். நான் என் லேஸை மடித்து வைத்துவிட்டு வெறும் வெள்ளைத் துணியை விரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கையால் லேஸ் செய்கிறவளுக்கு வருடத்தில் ஆறரை வாரம் ஆண்டவருக்குக் கொடுக்க எதுவுமே இல்லையா?

பதில் ஒரு புகைப்படத்தில் கிடைத்தது. ஜெர்மனியில் டெல்க்டே என்ற திருயாத்திரைத் தலத்தில் 1623-இல் செய்த தவக்காலத் திரை ஒன்று இருக்கிறது. 7 மீட்டருக்கும் மேல் நீளம். வெறும் லினன் சதுரம் ஒன்று, வலைபோல முடிச்சிட்டு அதில் உருவம் நிரப்பிய லேஸ் சதுரம் ஒன்று என மாறி மாறி வருகிறது. ஆண்டவரின் பாடுகள் முழுவதும் வெள்ளை நூலில். பொன் இழை இல்லை, சாயம் இல்லை. இத்தகைய திரைகளுக்கு ஜெர்மன் மொழியில் ‘பசித் துணி’ என்று பெயர். அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

இந்த வழக்கம் சுமார் ஆயிரம் வருடப் பழமை கொண்டது. தவக்காலத் தொடக்கத்தில் பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே பெரிய திரையைத் தொங்கவிட்டார்கள். வாய்க்கு நோன்பு இருப்பதுபோலக் கண்ணுக்கும் நோன்பு. புனித வாரத்துப் புதனன்று லூக்கா எழுதிய பாடுகளை வாசிப்பார்கள். கோவிலின் திரை நடுவில் கிழிந்தது என்ற வரி வரும்போது திரை கீழே விழும். பிற்காலத்தில் அதில் ஓவியம் வரையத் தொடங்கினார்கள். ஆஸ்திரியாவின் குர்க் பேராலயத்தில் 1458-ஆம் ஆண்டுத் திரை ஒன்றில் 99 காட்சிகள் இருக்கின்றன. ஓவியத் திரை மறைக்கவும் செய்யும், கதையும் சொல்லும். ஆனால் எனக்கு டெல்க்டே திரைதான் நெருக்கமாகப் பட்டது. லேஸ் முழுசாக மறைப்பதில்லை. பாதி காட்டும், பாதி காட்டாது. பாதிக்கு மேல் ஓட்டையாக இருக்கும் துணி அது. நூல் இல்லாத இடம்தான் அதற்கு உருவமே கொடுக்கிறது. ‘இது நோன்புக்கான துணிதான்’ என்று நினைத்தேன். சிஸ்டரிடம் படத்தைக் காட்டினேன். “இதுல பூ இல்லையே” என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரமே 9 பேர் சேர்ந்தோம். இது முதல் பாடம்: அடுத்த தவக்காலத்துக்கான வேலையை இந்த உயிர்ப்புக் காலத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும். திருநீற்றுப் புதன் உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் முன்னால் வருகிறது. சில வருடங்களில் அது பிப்ரவரி முதல் வாரத்திலேயே வந்துவிடும். கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம் முடிந்து மூச்சு விடுவதற்குள் தவக்காலம் நிற்கும். “ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று நினைத்திருந்தால் எங்கள் திரை வந்தே இருக்காது.

அளவு பெரிதாக வேண்டாம் என்று முடிவு செய்தோம். 40 சென்டிமீட்டர் சதுரங்கள், குறுக்கே 5, நெடுக்கே 7. மொத்தம் 35. அதில் 18 லேஸ், 17 வெறும் லினன். ஆளுக்கு இரண்டு லேஸ் சதுரம். பங்குத்தந்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “பீடத்தை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் மறைத்தார்கள், இன்று மக்கள் திருப்பலியைப் பார்க்க வேண்டும்.” அதனால் பீடத்துக்குப் பின்னால், சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிடுவதாகத் தீர்மானித்தோம். வேலையைத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. முடித்தபின் கேட்டிருந்தால் மனவருத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த லேஸில் முதலில் வலை கட்ட வேண்டும். அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் மீன்வலை கட்டியே வாழ்ந்த ஒரு பெரியவர். லேஸ் செய்முறையில் பார்த்த முடிச்சை நான் அவரிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே தன் வலை ஊசியை எடுத்து, நான் மூன்று நிமிடம் திணறிய முடிச்சை ஒரு நொடியில் போட்டார். அதே முடிச்சுதான். நூல் மட்டும் மெலிது. மீனவராக இருந்த பேதுருவின் கையும் இந்த முடிச்சைப் போட்டிருக்கும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். யாரும் பதில் பேசவில்லை. எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வலையை ஒரு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு கண்ணி போட்டு, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போய், வேண்டிய அகலம் வந்ததும் அதேபோலக் குறைத்துக்கொண்டு எதிர் மூலையில் முடிக்க வேண்டும். அப்போதுதான் கண்ணிகள் சதுரமாக நிற்கும். நேராகத் தொடங்கினால் சாய்சதுரமாக விழும். உருவம் நிரப்ப முடியாது, தொங்கவிட்டால் இழுபட்டுப் போகும். நூல், குரோஷா நூலில் 20-ஆம் எண். எண் கூடக் கூட நூல் மெலியும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நூலையும் ஒரே தடவையில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று நீலம் கலந்தும் ஒன்று மஞ்சள் கலந்தும் இருப்பது தெரியும்.

கண்ணி 8 மில்லிமீட்டர் என்று முடிவு. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 50 கண்ணி, ஒரு சதுரத்துக்கு 2,500. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது கையில் பிடிக்கும் தட்டையான கட்டையின் அகலம். பெரியவர் முதல் நாளே எச்சரித்தார்: “கண்ணி ஒண்ணுபோல வரணும்னா கையை நம்பாதீங்க, கட்டையை நம்புங்க.” நாங்கள் கேட்டோம், தலையாட்டினோம். பிறகு ஆளுக்கொரு கட்டையை வீட்டிலேயே செதுக்கிக்கொண்டோம். பெரிய தவறு அங்கேதான் நடந்தது. இரண்டு மாதம் கழித்து முடிந்த வலைகளை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நான்கு வலைகள் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் பெரிதாக இருந்தன. இரண்டு கட்டைகள் அரை மில்லிமீட்டர் அகலம் கூடியிருக்கின்றன. 50 கண்ணிக்கு அது இரண்டரை சென்டிமீட்டர். இழுத்துக் கட்டிச் சரிசெய்யலாமா என்று பார்த்தோம், முடியவில்லை. நான்கையும் மறுபடி கட்டினோம். அந்தக் கட்டைகள் என் வீட்டில் செதுக்கியவை. இரண்டு பேருக்கு நானே செய்து கொடுத்திருந்தேன். அன்று எல்லாக் கட்டைகளையும் வாங்கி, ஒரே பட்டையிலிருந்து 9 துண்டு வெட்டிக் கொடுத்தோம். பலர் சேர்ந்து செய்யும் எந்த லேஸுக்கும் முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் செபம் எங்கே வருகிறது என்பதும் செய்து பார்த்துத்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் கூடும் நேரமெல்லாம் செபமாலையின் துயர மறையுண்மைகளைச் சொல்லிக்கொண்டே வேலை செய்தோம். வலை கட்டும்போது அது அழகாகப் பொருந்தியது. வரிசையின் கடைசியில் ஒரு கண்ணி கூட்டினால் போதும், நடுவில் எண்ண வேண்டியதில்லை. கை தானாக நடக்கும், வாய் செபமாலை சொல்லும், ஒரு முடிச்சுக்கு ஓர் அருள்நிறை மரியே என்று தாளமே அமைந்துவிடும். ஆனால் உருவம் நிரப்பத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கட்டம் போட்ட தாளைப் பார்த்து, இந்த வரிசையில் 7 விடு, 4 நிரப்பு, 2 விடு என்று எண்ண வேண்டும். செபமாலையின் எண்ணிக்கையும் கட்டத்தின் எண்ணிக்கையும் மோதிக்கொண்டன. ஒருத்தி ஏணியின் படிகளில் ஒன்றைத் தவறவிட்டு மூன்று மணி நேர வேலையைப் பிரித்தாள். பிறகு நிரப்பும் நாட்களில் தொடக்கத்தில் பாடுகளின் ஒரு பகுதியை வாசித்துவிட்டு அமைதியாக இருந்தோம். எனக்கு அந்த அமைதிதான் பெரிய செபமாக இருந்தது. ஈட்டியின் முனையைக் கட்டம் கட்டமாக நிரப்பும்போது அது என்ன செய்தது என்பதை யோசிக்காமல் இருக்க முடியாது.

உருவங்களைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் உண்மையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். 50-க்கு 50 கட்டத்தில் பாடுகளோடு தொடர்புள்ள பொருட்கள் நன்றாக வரும், முகங்கள் வராது. ஏணி, சுத்தியல், குறடு, மூன்று ஆணி, கற்றூண், சாட்டை, கடற்பஞ்சு செருகிய கோல், பகடைக் காய்கள், சேவல் எல்லாம் தூரத்திலிருந்தே தெரிந்தன. 30 வெள்ளிக்காசுகளை ஐந்தைந்தாக ஆறு வரிசையில் வைத்தபோது பார்க்கவே பாரமாக இருந்தது. பொதுவாக, நிரப்பும் பகுதி சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் உருவம் மூச்சுவிடும். அதற்கு மேல் போனால் லேஸ் சாதாரணத் துணியாகிவிடும்.

முகம் வராது என்று சொன்னேன் அல்லவா, வெரோனிக்காவின் துணியில் அதுவே பிரச்சினையாகிவிட்டது. சிலுவை சுமந்து போன ஆண்டவரின் முகத்தை வெரோனிக்கா என்ற பெண் துடைத்தபோது அந்த முகம் பதிந்ததாக மரபு சொல்லும் துணி அது. அந்தச் சதுரத்தை எடுத்துக்கொண்டவள் எங்கள் குழுவிலேயே கைத்திறன் அதிகம் உள்ளவள். ஆண்டவரின் முகத்தைக் கட்டங்களில் வரைந்தாள். முதல் தடவை கண்கள் இரண்டும் கறுப்பு ஜன்னல்கள்போல வந்தன. பிரித்தாள். இரண்டாம் தடவை தாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மறுபடி பிரித்தாள். மூன்றாம் தடவை முகம் ஓரளவு வந்தது. ஆனால் அதைப் பார்த்து யாராலும் செபிக்க முடியாது என்று அவளே சொன்னாள். இரண்டு வாரம் அவள் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு ஒரு மாலை வந்து சதுரத்தை என் மடியில் வைத்தாள். இரண்டு மேல்மூலைகளில் முடிச்சிட்டுத் தொங்கும் துணியின் ஓரமும் மடிப்புகளும் மட்டும் நிரப்பியிருந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வலை. “இவ்வளவுதாங்க்கா என்னால முடிஞ்சது” என்றாள். சதுரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தேன். கண்ணிகள் வழியாக எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் தெரிந்தன. அந்தச் சதுரத்தை நடுப்பகுதியில் வைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

நிரப்பும் தையல் இரண்டு வகை. ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே இரண்டு இழை, நெடுக்கே இரண்டு இழை மேலும் கீழுமாக ஓட்டி நெய்வதுபோல நிரப்புவது ஒன்று; ஒரே திசையில் முன்னும் பின்னும் ஊசி ஓட்டி அடைப்பது மற்றொன்று. இரண்டாவது சீக்கிரம் முடியும், அடர்த்தியாகவும் தெரியும். ஆனால் கட்டங்களின் கோடுகள் காணாமல் போய்விடும். ஒரே திரையில் இரண்டையும் கலக்காதீர்கள். நாங்கள் நெசவுபோல வருவதையே எல்லோரும் செய்வதென்று வைத்துக்கொண்டோம். வலையைக் கம்பிச் சட்டத்தில் முரசுத்தோல்போல இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நிரப்ப வேண்டும். மடியில் போட்டு நிரப்பியவர்களின் வேலை சுருங்கியது.

லினன் முதல் சலவையில் சுருங்கும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிட வேண்டும். லேஸ் சதுரங்களை இளஞ்சூட்டு நீரில், மென்மையான சோப்பில் ஊறவைத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பலகையில் சதுரமாக இழுத்துக் குண்டூசி குத்தி உலர்த்தினோம். துருப்பிடிக்காத ஊசியாக இருக்க வேண்டும். ஒரு துருப்புள்ளி விழுந்தால் அது போகாது.

திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு மதியம், முதல் தடவையாகத் தொங்கவிட்டுப் பார்த்தோம். எல்லோரும் கடைசி பெஞ்சுக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தோம். ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர். பத்து மாத உழைப்பு வெள்ளையில் வெள்ளையாகக் கரைந்துவிட்டது. அழாத குறை. எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் லேஸுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. லேஸைத் தனியாகப் பார்க்க முடியாது, அதன் வழியாக எதைப் பார்க்கிறோமோ அதோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும்.

மறுநாள் சுவரை ஒட்டி அடர்ந்த ஊதாத் துணியைத் தொங்கவிட்டோம். ஒரே நிமிடத்தில் ஆணிகளும் ஏணியும் சேவலும் வெளியே வந்து நின்றன. அத்தோடு முடியவில்லை. சாயங்காலம் முன்பக்க விளக்குகளை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால், ஊதாத் துணியைப் பார்த்தபடி தரையில் இரண்டு எல்இடி விளக்குகளை வைத்தோம். அப்போது எல்லாம் தலைகீழானது. பகலில் வெள்ளையாக இருந்த ஆணிகள் கறுத்தன. ஓட்டைகளாக இருந்த இடமெல்லாம் ஊதா ஒளியாக ஆனது. ஒரே லேஸில் இரண்டு படங்கள். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையின்போது இந்த இரண்டாவது படத்தைத்தான் வைத்துக்கொண்டோம். வெரோனிக்காவை நினைக்கும் 6-ஆம் நிலையில் எல்லோரும் திரையைப் பார்த்து நின்றார்கள். கறுத்த துணி ஓரங்களுக்கு நடுவே, முகம் இல்லாத அந்த இடம் மட்டும் முழுவதும் ஒளியாக இருந்தது. சிஸ்டர் முன்வரிசையில் இருந்தார். வழக்கமாக முழந்தாளிட முடியாததற்காக வருந்துகிறவர். அன்று கைகூப்பியபடி வெகுநேரம் நிமிரவே இல்லை.

தொங்கவிடுவது பற்றி இன்னும் கொஞ்சம். வளையம் மாட்டித் தொங்கவிட்டால் வளையத்துக்கு வளையம் நடுவே துணி தொய்யும். மேலே குழாய்போல மடித்துத் தைத்து, அதற்குள் கழி செருகுங்கள். சதுரங்களின் இணைப்புக் கோடுகளின் பின்னால் மேலிருந்து கீழ்வரை பருத்தி நாடா வைத்துத் தைத்தால் எடையை நாடா தாங்கும், லேஸ் தாங்க வேண்டியதில்லை. அதிகம் நிரப்பிய சதுரங்களைக் கீழ்வரிசையில் வையுங்கள். மெழுகுவர்த்தி ஒரு மீட்டருக்குள் வரவே கூடாது. இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் கோவிலில் தவக்காலம் 5-ஆம் ஞாயிறு முதல் சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடும் வழக்கம் உண்டு. சிலுவை பெரிய வெள்ளி வழிபாடு முடியும் வரையும் சுரூபங்கள் பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும் வரையும் மூடியிருக்கும். அந்தத் துணிகளுக்கு லேஸ் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை முழுசாக மூட வேண்டியவை. திருப்பலியில் அப்பத்தையும் கிண்ணத்தையும் வைக்கும் திருமேனித் துகிலிலும் அப்பத்துகள் விழக்கூடிய இடத்தில் லேஸ் இருக்கவே கூடாது. துகள் ஓட்டைகளில் சிக்கிக்கொள்ளும். லேஸை நேசிக்கிறவர்கள் அது எங்கே வேண்டாம் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புனித வாரத்துப் புதன் மாலை, பழைய வழக்கத்தை நினைத்து, கோவில் திரை கிழிந்த அந்த வரியை வாசித்துவிட்டுத் திரையை இறக்கினோம். விழவிடவில்லை, நான்கு பேர் பிடித்து மெதுவாக இறக்கினோம். மறுநாள் பெரிய வியாழன் திருப்பலிக்குப் பின் பீட விரிப்பும் போயிற்று. துணியே இல்லாத பீடத்தை அந்த வருடம்தான் நான் உண்மையாகப் பார்த்தேன்.

அடுத்த வாரம் திரையைத் துவைத்தோம். கஞ்சி போட்டு எடுத்து வைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். கூடாது. கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும், நூலும் மடிப்பில் முறியும். மடிக்காமல், பருத்தித் துணி சுற்றிய அகலமான உருளையில் சுருட்டி, மேலே இன்னொரு பருத்தி உறை போட்டோம். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கி மஞ்சளாகும். சுருட்டுவதற்கு முன் ஒவ்வொரு சதுரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சேவலின் வாலுக்குப் பக்கத்தில் மூன்று கண்ணிகள் அறுந்திருந்தன. இறக்கும்போது யாருடைய மோதிரமோ மாட்டியிருக்க வேண்டும். பெரியவரைக் கூப்பிட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். அறுந்த நுனிகளை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டார். “நல்ல நூல் தெரியிற வரைக்கும் வெட்டணும், இல்லாட்டி முடிச்சு நிக்காது” என்றார். பிறகு புது நூலை ஊசியில் ஏற்றி மூன்று கண்ணிகளையும் கட்டினார். புது நூல் கொஞ்சம் கூடுதல் வெண்மையாகத் தெரிந்தது. அதை மறைக்க ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, உருளையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்தேன்.